கைப்பேசிப் படத்துக்கும் முகவரி வேண்டும்

பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள எங்கள் எறையூரை வெளியூர்க்காரர்கள் சர்க்கரை ஆலையை வைத்தே அறிவார்கள். அங்கிருந்து பெரம்பலூரைக் கடந்து தெற்கே சென்றால் காரை கிராமம் வரும். மழைநீர் அரித்தரித்துப் பள்ளமும் மேடுமாகிவிட்ட நிலம் அது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த கடலில் வாழ்ந்த உயிரினங்களின் புதைபடிவங்கள் அந்த மண்ணிலிருந்து தலைகாட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், அங்கே சுருள் வடிவில் கிடந்த அம்மோனைட் ஒன்றைக் கைப்பேசியில் படமெடுத்தேன். நண்பர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன், பாராட்டுகள் குவிந்தன. பின்னர் அந்தக் கைப்பேசி பழுதாகி, படங்கள் அனைத்தும் அழிந்தன. புவியியல் பயிலும் மாணவர் ஒருவர் அப்படத்தைக் கேட்டு வந்தபோது, நண்பரிடம் எஞ்சியிருந்த பிரதியைக் கொடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் சுருளின் வரிகள் குழம்பித் தெரிந்தன. "எந்த இடம், எந்தத் தேதி?" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. நேரில் தேடிப் போனோம். இடையில் பெய்த மழைகளில் ஓடையின் கரையே மாறியிருந்தது.

புகைப்படக் கலைஞர்களுக்கு உதவும் செயலிகள் என்றதும், முகத்தை வெளுப்பாக்கும் செயலிகளைப் பலரும் அடுக்குகின்றனர். என் தேவை வேறாகிவிட்டது.

கைப்பேசியில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதி, நேரம், ஒளியளவு, நாம் அனுமதித்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவை பதிவாகின்றன. வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பும்போது அளவு சுருக்கப்படுவதோடு இந்த விவரங்களும் நீக்கப்படுகின்றன. 2023-இல் வந்த 'எச்டி' தேர்விலும் சுருக்கம் உண்டு. அதே படத்தை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால், மூலக்கோப்பு அப்படியே போய்ச் சேரும். இந்த ஒன்றை அறிந்திருந்தால் அந்த மாணவர் வெறுங்கையோடு திரும்பியிருக்க மாட்டார்.

இப்போது நான் படமெடுப்பது 'ஓப்பன் கேமரா' என்ற ஆண்ட்ராய்டு செயலியில். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. ஒளியையும் குவியத்தையும் நாமே அமைக்கலாம். தேதியையும் இடத்தையும் படத்தின் மீதே அச்சிடவும் வசதி உண்டு. ஆனால், இந்தச் செயலி அளவைத் தானாகச் சொல்லாது. அதற்குப் படிவத்தின் அருகே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் போதும்.

அடுத்தது வெயில். 'சன் சர்வேயர்', 'போட்டோபில்ஸ்' போன்ற செயலிகள், ஓர் இடத்தில் எந்த நாளில், எந்த நேரத்தில் சூரியன் எங்கே நிற்கும் என்பதைக் கேமரா காட்சியின் மீதே கோடாக வரைந்து காட்டுகின்றன. நம் பகுதியில் ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தையொட்டியும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சிக்கு வந்துவிடும். நிழலே விழாது, கல்லின் வரிகளும் தெரியாது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை நண்பகலில் எடுத்துவிட்டு, "சாதாரணப் பாறைதானே" என்று ஏமாந்தவர்களைக் கண்டிருக்கிறேன். காலையிலோ மாலையிலோ சாய்வெயில் படும்போதுதான் கல்லின் மேடுபள்ளங்கள் எழுந்து நிற்கும்.

திருத்துவதற்கு 'ஸ்னாப்சீட்' போதுமானது. 2012 முதல் கூகுளிடம் இருக்கும் இலவசச் செயலி இது. செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கவும் நீக்கவும் இயலும். வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன். வேண்டாததை அழித்து, இல்லாததை நிரப்பும் செயற்கை நுண்ணறிவு வசதியைத் திருமணப் படத்தில் எவரும் பயன்படுத்தட்டும். புதைபடிவப் படத்தில் அது பொய்ச்சாட்சி.

இடக்குறிப்பில் ஓர் ஆபத்தும் உண்டு. காரையின் துல்லியமான இடத்தோடு படத்தைப் பொதுவெளியில் இட்டால், படிவத்தைப் பெயர்த்தெடுத்துச் செல்ல விரும்புவோருக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும். எனவே, இடவிவரம் கொண்ட மூலப்படத்தை வன்தட்டிலும் இணையச் சேமிப்பிலும் வைத்துக்கொள்கிறேன். ஆய்வு செய்வோர் கேட்டால் அதை ஆவணமாக அனுப்புகிறேன். முகநூலுக்குச் செல்வது இடக்குறிப்பு நீக்கிய பிரதி மட்டுமே. அதன் கீழே ஊர்ப்பெயரைக்கூட எழுதுவதில்லை.