கரி தீர்ந்தது, உலை அணைந்தது

சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி தருமபுரிக்குப் போகிறவர்கள் நல்லம்பள்ளியைக் கடந்துதான் போக வேண்டும். அடுத்து வருவது அதியமான்கோட்டை. தகடூரை ஆண்ட அதியமான் பெயரைச் சுமக்கும் ஊர். அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாடல் உண்டு. போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் வேல்களைப் பற்றிய பாடல் அது. வேலும் பட்டறையும் வெறும் புலவர் கற்பனை அல்ல. இந்த வட்டாரத்தைச் சுற்றியுள்ள மலைகளிலேயே இரும்பு இருக்கிறது.

கஞ்சமலை, கோதுமலை, கொல்லிமலை, தீர்த்தமலை என்று நீளும் குன்றுகளில் காந்தக் கல் எனப்படும் மேக்னடைட் தாது, வெள்ளைப் படிகக் கல்லோடு பட்டை பட்டையாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடைய பாறைகள் இவை. மூன்று இரும்பு அணுக்களும் நான்கு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்ததே மேக்னடைட். அந்த ஆக்சிஜனைப் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரும்பு. சொல்ல எளிது. ஆனால் ஆக்சிஜன் இரும்பை விட்டு எளிதில் போகாது. அதைப் பிடுங்கக் கரி வேண்டும், காற்று வேண்டும், ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்.

இந்த வேலையை நம் ஊர்க் கொல்லர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை, சேலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1839-ல் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இன்றைய தருமபுரியும் அடக்கம். தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான்.

தாதுக் கல்லை இடித்துத் தூளாக்குவார்கள். தூளைப் புடைத்தோ தண்ணீரில் அலசியோ படிகக் கல்லைப் போக்குவார்கள். கனமான கருந்தூள் மட்டும் மிஞ்சும். மூன்று முதல் ஐந்தடி உயரத்துக்குக் களிமண்ணால் உலை கட்டி, கரியையும் தாதுத் தூளையும் மாற்றி மாற்றி மேலிருந்து கொட்டுவார்கள். அடியில் சுடுமண் குழாய். அதன் வாயில் ஆட்டுத்தோல் துருத்திகள் இரண்டு. ஒன்று காற்றை ஊதும்போது மற்றது காற்றை இழுத்துக்கொள்ளும். இப்படி மூன்று நான்கு மணி நேரம் காற்று ஓயாமல் போக வேண்டும். பிறகு உலையின் முகப்பை உடைத்து, செக்கச் சிவந்த கட்டியை இடுக்கியால் வெளியே இழுத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள்.

உலைக்குள் நடப்பது இதுதான். கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகிறது. அது தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடாக வெளியேறுகிறது. சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்தச் சிறு உலையின் சூடு அதை எட்டாது. ஆனால் தாதுவோடு தங்கிவிட்ட மணற்சத்து 1,200 டிகிரி அளவிலேயே இரும்பு ஆக்சைடோடு கலந்து உருகி வழிந்துவிடும். அதுதான் சிட்டம். உருகாத இரும்பு பஞ்சு போன்ற கட்டியாக உள்ளே தங்கும். சிட்டத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் கதை புரியும்: சாதாரணக் கல்லைவிடக் கனம், கறுப்பு நிறம், ஒருபக்கம் குழம்பு வழிந்து மடிந்த தடம், உடைந்த பக்கத்தில் காற்றுக் குமிழ்கள் விட்ட ஓட்டைகள்.

கொல்லர்கள் அத்தோடு நிற்கவில்லை. இரும்பைத் துண்டாக்கிக் களிமண் மூசையில் இட்டு, உலர்ந்த ஆவாரங்குச்சிகளை உடன் வைத்து, எருக்கிலை போன்ற பச்சை இலைகளால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்தார்கள். இப்படி இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் ஊதினார்கள். குச்சியும் இலையும் கரிந்து அவற்றின் கார்பன் இரும்புக்குள் ஏறியது. கார்பன் ஏற ஏற இரும்பு உருகும் சூடு இறங்கும். அதனால் மூசைக்குள் முழுதாக உருகித் திரண்டது உயர்தர உருக்கு. உலகம் 'வூட்ஸ்' என்று கொண்டாடிய எஃகு இதுவே.

ஹீத் இதைப் பெரிய அளவில் செய்ய நினைத்தார். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் ஐரோப்பிய முறை ஊதுலைகளை நிறுவினார். கம்பெனி அரசு கடனும் தனியுரிமையும் கொடுத்தது. சேலத்துத் தாது பரிசல்களில் ஏறி, காவிரி, கொள்ளிடம் வழியாக வந்து, கான் சாகிப் கால்வாயில் புகுந்து பரங்கிப்பேட்டை சேர்ந்தது. அங்கே உருவான இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது.

தாது குறையவில்லை. குறைந்தது கரி. ஐந்து கிலோ விறகைச் சுட்டால் ஒரு கிலோ கரி தேறுவதே பெரிது. பெரிய ஊதுலை இரவும் பகலும் எரிய வேண்டும், அணைத்தால் நஷ்டம். சுற்றுவட்டக் காடுகள் கரியாகிக்கொண்டே வர, விறகுக்குப் போகும் தூரம் ஏறியது. தூரத்தோடு செலவும் ஏறியது. 1853-ல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி ஆலையை ஏற்று நடத்தியும் பயனில்லை. 1860-களில் உலைகள் ஓய்ந்தன. ஹீத் அதற்கு முன்பே இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்த்தால் அதன் தரம் உயரும் என்று காட்டி 1839-ல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைகள் அந்த முறையால் கொழித்தன. அவரோ ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 1851-ல் வறுமையில் இறந்தார்.

இதே கதை இன்னொரு கடற்கரையில் வேறு விதமாக முடிந்தது. ஜப்பானின் இவாதே மாநிலத்தில், பசிபிக் கரையோரம் கமாயிஷி என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கும் மலையில் மேக்னடைட், கீழே துறைமுகம். ஓஷிமா தகாதோ என்ற பொறியாளர் ஒரு டச்சு நூலைத் துணையாகக் கொண்டு ஊதுலை கட்டி, 1857 டிசம்பர் 1 அன்று அங்கே இரும்பை உருக்கி எடுத்தார். ஜப்பான் இன்றும் அந்த நாளை இரும்பு நாளாகக் கொண்டாடுகிறது.

1880-ல் அரசு அங்கே ஆங்கிலேயத் தொழில்நுட்பத்தில் பேராலை அமைத்தது. பரங்கிப்பேட்டையைப் பிடித்த அதே நோய் அதையும் பிடித்தது: கரி போதவில்லை. கோக் கரியைப் போட்டுப் பார்த்தார்கள், உலை அடைத்துக்கொண்டது. மூன்றே ஆண்டில் அரசு ஆலையை மூடியது. தனாகா சோபேய் என்ற வணிகர் அதை எடுத்துச் சிறிய உலைகளில் திரும்பத் திரும்ப முயன்றார். 1886-ல், 49-வது முயற்சியில் இரும்பு ஒழுங்காக வந்தது. 1894-ல் கோக் கரியிலும் வெற்றி கிடைத்தது.

கோக் ஏன் முக்கியம்? விறகுக் கரி மென்மையானது. உலையை உயரமாகக் கட்டினால் மேலே கிடக்கும் தாதுவின் பாரத்தில் நொறுங்கித் தூளாகிக் காற்றின் வழியை அடைத்துவிடும். நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் கோக், பாரம் தாங்கும். எனவே உலை உயரலாம், உற்பத்தி பெருகலாம், காடும் பிழைக்கும். கோக் ஆகும் தரமான நிலக்கரி தமிழ் மண்ணில் இல்லை. நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அதை அப்படியே கோக் ஆக்க முடியாது. மலை நிறையத் தாது இருந்தும் நாம் தேங்கியதற்கு இது முதன்மைக் காரணம். 1981-ல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை கூட, பக்கத்திலிருக்கும் கஞ்சமலைத் தாதுவை உருக்குவதில்லை.

கமாயிஷியின் பொற்காலமும் முடிந்தது. 1896, 1933, 2011 என்று மூன்று ஆழிப்பேரலைகளை அந்நகரம் கண்டது. 1945-ல் போர்க்கப்பல்கள் ஆலையைக் குண்டு வீசித் தகர்த்தன. மீண்டெழுந்த ஊதுலைகளும் 1989-ல் நிறுத்தப்பட்டன. 1960-களில் 90,000-ஐத் தாண்டியிருந்த மக்கள்தொகை இப்போது அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆனாலும் இரும்பு வரலாற்றுக்கு அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மலைக்குள் இருக்கும் ஹாஷினோ உலைத்தளத்தில் மிஞ்சியிருப்பது கல் அடித்தளங்கள்தான். அவை 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

நம்மிடம் இருப்பது அதைவிடப் பழமையானது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2025 ஜனவரியில் வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, சிவகளை அகழாய்வை வைத்து அதைக் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டுபோகிறது. இவ்வளவு நீண்ட மரபின் சான்றுகள் ஏதோ ஓர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் இல்லை. பழைய சேலம் மாவட்டத்தின் வயல்களிலும் ஓடைக் கரைகளிலும் சிட்டக் கட்டிகளாகவும், உடைந்த சுடுமண் குழாய்களாகவும் அவை கிடக்கின்றன. அவை இருக்கும் இடமும் அடுக்கும் கலையாமல் இருந்தால்தான் ஆய்வாளர் காலம் கணிக்க முடியும். சிட்டத்துக்குள் சிக்கிய ஒரு துளி கரி போதும், அந்த உலை எந்த நூற்றாண்டில் எரிந்தது என்று சொல்லிவிட. பாதையை மேடாக்க அதையே அள்ளிக் கொட்டிவிட்டால் அந்தக் கணக்கு என்றைக்கும் கிடைக்காது.

நல்லம்பள்ளி வட்டாரத்து ஆசிரியர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ கனமான கறுப்புச் சிட்டம் குவியலாகத் தென்பட்டால் அதை அள்ளி அப்புறப்படுத்தாதீர்கள். இடத்தைக் குறித்துப் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். பரங்கிப்பேட்டையில் ஹீத்தின் ஆலை நின்ற இடத்துக்கும், தாது வெட்டிய மலைகளுக்கும், கொல்லர்களின் உலைத்தளங்களுக்கும் அரசு ஒரே வரைபடம் தயாரித்து, காக்க வேண்டியவற்றை இப்போதே அறிவிக்க வேண்டும். கல் அடித்தளத்தை மட்டும் வைத்துக் கமாயிஷி உலகின் கவனத்தைப் பெற்றிருக்கிறது. நாலாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட இரும்பு மரபை வைத்திருக்கும் நாம் அதைச் சாலைக்குக் கொட்டிவிடக் கூடாது.