செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு... வேப்பெண்ணெய் மட்டும் போதுமா? ஆரணி பட்டு சொல்லும் மாவுப்பூச்சிப் பாடம்

‘போன வாரம் நல்லாத்தானே இருந்துச்சு, அதுக்குள்ள எப்படி?’ வீட்டில் நாலு தொட்டி வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்டிருக்கும் கேள்வி இது. செம்பருத்தியின் நுனியில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை. இலை சுருண்டு கிடக்கிறது, தொட்டால் பிசுபிசுக்கிறது, தண்டில் எறும்பு வரிசை கட்டுகிறது. உடனே யூடியூபைத் திறந்தால் வேப்பெண்ணெய், இஞ்சி-பூண்டு, மோர், சாம்பல், புகையிலை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்.

இதில் எது வேலை செய்யும், எது செய்யாது, எது ஆபத்து? திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி போன்ற பட்டு நெசவு ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. மாடித் தொட்டியில் செம்பருத்தியைக் காயவைக்கும் அதே பூச்சிக் குடும்பம்தான் பட்டுப்புழுவின் ஒரே உணவான மல்பெரியையும் தாக்குகிறது. 2008-க்குப் பிறகு தமிழ்நாட்டில் அது போட்ட ஆட்டத்தையும் கடைசியில் அடங்கிய விதத்தையும் தெரிந்துகொண்டால், வீட்டுத் தொட்டிக்கு என்ன செய்வது என்பதும் தெளிவாகிவிடும்.

அது பூஞ்சை இல்லையா?

இல்லை. பஞ்சு போலத் தெரிவது பூச்சி தன் உடம்பைச் சுற்றிச் சுரந்துகொள்ளும் மெழுகு. மாவு தூவியதுபோல இருப்பதால் மாவுப்பூச்சி என்று பெயர். கொங்குப் பகுதியில் கள்ளிப்பூச்சி என்றும் சொல்வார்கள். ஊசி போன்ற வாயைச் செடிக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சும். குடித்ததில் மிச்சமாகும் சர்க்கரையை இனிப்புத் திரவமாக வெளியேற்றும். அந்தப் பிசுபிசுப்பின்மேல் கரும்பூசணம் படர்ந்து இலை கறுத்துப்போகும். இனிப்புக்காக வரும் எறும்பு சும்மா குடித்துவிட்டுப் போவதில்லை. பூச்சியைத் தின்ன வருபவற்றை விரட்டிவிட்டுக் காவலும் காக்கிறது.

ஒரு பெண் பூச்சி சில நூறு முட்டைகள் இடும். முட்டையும் மெழுகுப் பைக்குள்தான் இருக்கும். மேலே ஊற்றும் எந்தத் திரவமும் மெழுகில் பட்டு வழிந்துவிடுகிறது. ‘அடிச்சேன், ஒரு வாரத்துல திரும்ப வந்துருச்சு’ என்று பலரும் அலுத்துக்கொள்ளக் காரணம் இதுதான்.

பட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆரணி பட்டு புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. தறியில் ஏறும் நூல் எந்த ஊரிலிருந்து வந்தாலும், அதன் தொடக்கம் ஒரு மல்பெரித் தோட்டம். அந்த மல்பெரிக்கு ‘டுக்ரா’ என்று ஒரு பழைய நோய் உண்டு. நுனி இலைகள் கொத்தாகச் சுருண்டு, கரும்பச்சையாகத் தடித்து, வளர்ச்சி நின்றுவிடும். நோய் என்று பெயரே தவிர, காரணம் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி. செம்பருத்தி நுனியை முறுக்கிப்போடுவதும் இதுவே.

2008-ல் கோயம்புத்தூர்ப் பகுதியில் புதிதாக ஒன்று தென்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, செம்பருத்தி, சாலையோரப் பார்த்தீனியம் வரை பரவியது. கொங்கு மாவட்டங்களில் மல்பெரித் தோட்டங்கள் வெளுத்துக் காய்ந்தன. பிசுபிசுத்த, சுருண்ட இலையைப் புழுவுக்குப் போட முடியாது.

மருந்து அடித்தால் முடிந்ததே?

மற்ற பயிராக இருந்தால் அப்படித்தான் யோசித்திருப்பார்கள். மல்பெரியில் அது நடக்காது. பட்டுப்புழுவும் ஒரு பூச்சிதான். மாவுப்பூச்சியைக் கொல்லும் மருந்து இலையில் தங்கினால், அதைத் தின்னும் பட்டுப்புழுவும் சாகும். மற்ற பயிர்களில் அடித்துப் பார்த்தவர்களுக்கும் பெரிய பலன் கிடைக்கவில்லை. மெழுகு மருந்தைத் தடுத்தது, பக்கத்துக் களைச்செடியிலிருந்து பூச்சி மறுபடி ஏறியது, இதற்கிடையில் பூச்சியைத் தின்னும் வண்டுகளும் மருந்தில் மாண்டன.

அப்போது ஆராய்ச்சியாளர்கள் கேட்ட கேள்வி வேறு: இந்தப் பூச்சி தன் சொந்த ஊரில் ஏன் இவ்வளவு அட்டகாசம் செய்வதில்லை? அங்கே அதற்கு எதிரிகள் இருக்கிறார்கள், இங்கே தனியாக வந்து சேர்ந்துவிட்டது என்பதே பதில்.

2010-ல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் நிறுவனத்துக்குக் கொண்டுவரப்பட்டன. சோதனைக்குப் பிறகு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பட்டு ஆராய்ச்சி நிலையங்கள் போன்றவற்றின் வழியாகப் பெருக்கப்பட்டு வயல்களில் விடப்பட்டன. மூன்றில் நன்றாக வேரூன்றியது ‘அசெரோஃபேகஸ் பப்பாயே’. குளவி என்றதும் பயப்பட வேண்டாம், இது கடுகைவிடச் சிறியது, மனிதர்களைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும்; உள்ளே பொரிக்கும் புழு பூச்சியைத் தின்றுவிட்டுப் புதுக் குளவியாக வெளியே வரும்.

குளவி விடப்பட்ட இடங்களில் சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. இதனால் இந்திய விவசாயத்துக்கு ஐந்தாண்டுகளில் கிடைத்த பலன் 50 கோடி டாலருக்கும் அதிகம் என்று 2014-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு மதிப்பிட்டது. எந்த ‘ஸ்ப்ரே’யும் செய்யாததைக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவி செய்துவிட்டது.

சரி, என் தொட்டிக்கு நான் என்ன செய்வது?

குளவியைத் தேடி வாங்க வேண்டியதில்லை. அது இங்கே நிலைத்துவிட்டது. வண்டு, குளவி போன்ற நண்பர்களுக்கு இடையூறு செய்யாமல், பூச்சியின் எண்ணிக்கையை மட்டும் குறைப்பதுதான் நம் வேலை. கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்து பாருங்கள்.

1. பிரித்து வையுங்கள். பாதித்த தொட்டியை மற்றவற்றிலிருந்து நகர்த்துங்கள். நர்சரியிலிருந்து வரும் புதுச் செடியையும் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்ப்பது நல்லது.

2. வெட்டுங்கள். சுருண்டு முறுக்கிய நுனிக்குள் எந்தத் திரவமும் போகாது. வெட்டி, பையில் போட்டு இறுக்கிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அப்படியே குப்பையில் வீசினால் பூச்சி ஊர்ந்து பக்கத்துச் செடிக்குப் போய்விடும். டுக்ரா வந்த மல்பெரிக்கும் முதல் சிகிச்சை நுனியை வெட்டி அழிப்பதுதான்.

3. தண்ணீர் பீய்ச்சுங்கள். செலவே இல்லாத வைத்தியம். குழாயை விரலால் அழுத்தி, இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் படும்படி அடியுங்கள். அசுவினி, இளம் மாவுப்பூச்சி, செம்பேன் பெரும்பாலும் இதிலேயே உதிரும்.

4. எறும்பை நிறுத்துங்கள். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே ஒரு கல்லின்மேல் வைத்தால் எறும்பு ஏற முடியாது. காவல் போனால் வண்டுகள் தாமாக வந்து சேரும்.

5. சோப்புக் கரைசல். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி மிதமான திரவ சோப்பு, அல்லது சீவிக் கரைத்த காதி சோப்பு. சோப்பு மெழுகைக் கரைத்துப் பூச்சியை மூச்சுத் திணற வைக்கும். பூச்சிமேல் நேரடியாகப் பட்டால்தான் வேலை செய்யும். காய்ந்துவிட்டால் பலன் இல்லை. தோட்டக்கலைக் கடைகளில் கிடைக்கும் மீன் எண்ணெய் சோப்பும் (லிட்டருக்கு 25 கிராம்) வேளாண் துறையினர் பரிந்துரைப்பதே. துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், இலை கருகும்.

6. வேப்பெண்ணெய். எண்ணெயும் தண்ணீரும் தானாகக் கலக்காது. முதலில் சோப்பை வெதுவெதுப்பான நீர் கொஞ்சத்தில் கரைத்து, அதில் 5 மில்லி வேப்பெண்ணெயை விட்டு நன்றாக அடித்து, பால்போல ஆனதும் மீதித் தண்ணீரைச் சேர்த்து ஒரு லிட்டர் ஆக்குங்கள். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். வேப்பங்கொட்டை கிடைத்தால், 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டிச் சிறிது சோப்பு சேர்த்துத் தெளிக்கலாம்.

வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே கொல்லாது. தின்பதைக் குறைக்கும், தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். ‘அடிச்சும் சாகலையே’ என்று மறுநாளே அளவைக் கூட்டாதீர்கள். வெயிலில் அது சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும். முட்டையிலிருந்து புதிது புதிதாக வந்துகொண்டே இருக்கும்; ஆகவே ஏழு நாளுக்கு ஒருமுறை, குறைந்தது மூன்று முறை. முதலில் ஓரிரு இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிட்டு முழுச் செடிக்கும் போங்கள்.

இஞ்சி-பூண்டு-மிளகாய்க் கரைசல்?

‘3ஜி’ என்று மாடித்தோட்டக்காரர்கள் சொல்லும் இது, பெயருக்கேற்ற பூச்சிவிரட்டி. வாசனையாலும் காரத்தாலும் புதிதாக வருவதைத் தள்ளி நிறுத்தலாம். ஏற்கெனவே மெழுகுக்குள் குடியிருப்பதை இதை வைத்துக் காலி செய்ய முடியாது. அவரையில் அசுவினிக்குச் சாம்பல் தூவும் வழக்கமும் லேசான தாக்குதலுக்குச் சரி, மாவுப்பூச்சிக்குப் போதாது.

வீட்டுக்குள் வைக்கும் மணி பிளான்ட் தொட்டியில் குட்டிக் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறந்தால், பிரச்சினை இலையில் இல்லை, மண்ணில். மேல்மண் எப்போதும் ஈரமாக இருப்பதால் வருபவை அவை. தண்ணீரைக் குறைத்து மேலே ஒரு அங்குலம் காயவிடுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைச் செருகுங்கள். டீத்தூளையும் அரிசி கழுவிய தண்ணீரையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் எதிரியா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு போர்த்தியிருக்கும். அளவில் பெரியது, மெழுகு இழைகள் நீளம், வேகமாக நகரும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்த வண்டு 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. மல்பெரியில் டுக்ராவுக்கு ஏக்கருக்கு 250 வண்டுகள் விடச் சொல்கிறது பட்டு வளர்ப்புத் துறையின் பரிந்துரை. ‘பெரிய மாவுப்பூச்சி’ என்று நினைத்து இதை நசுக்கினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஸ்பால்ஜிஸ் என்ற சின்னப் பட்டாம்பூச்சியின் புழுவும் மாவுப்பூச்சியைத் தின்னும். அதன் கூடு குரங்கு முகம்போல இருக்கும். கண்டால் விட்டுவிடுங்கள். உடல் உப்பி, பழுப்பேறி, அசையாமல் ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சிகளையும் விட்டுவைக்கலாம், உள்ளே குளவி வளர்ந்துகொண்டிருக்கலாம்.

எந்த மாவுப்பூச்சி என்று தெரிய வேண்டுமா? ஒன்றை நசுக்கிப் பாருங்கள். மஞ்சள் நீர் வந்தால் பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கலாம். சிவப்பு கலந்து வந்தால் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இயற்கைதானே, ஆபத்து இல்லையே?

அப்படி நினைப்பதுதான் பெரிய ஆபத்து.

வேப்பெண்ணெய் தெளிக்க மட்டும்தான், வயிற்றுக்குள் போகக்கூடாது. மலேசியாவில் இந்திய வம்சாவளிக் கைக்குழந்தைகளுக்கு மருந்தாகப் புகட்டப்பட்ட வேப்பெண்ணெய், வாந்தி, வலிப்பு, மூளை பாதிப்பு வரை கொண்டுபோனதை 1981-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் பதிவு செய்தது. பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி வையுங்கள். பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது கூடவே கூடாது.

புகையிலைக் கஷாயத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதில் இருக்கும் நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். நிக்கோட்டின் சல்பேட்டை இந்தியாவில் பூச்சிக்கொல்லியாகப் பயன்படுத்தவே தடை இருக்கிறது. தவிர, புகையிலையில் இருக்கும் வைரஸ் தக்காளி, மிளகாய்ச் செடிக்குத் தொற்றவும் வாய்ப்புண்டு. இலைக் கரைசலுக்கு எருக்கு பறிப்பவர்கள் அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேம்பு பட்டுப்புழுவுக்கும் ஆகாது. தெரிந்தவர் யாராவது புழு வளர்க்கிறார் என்று வீட்டு மல்பெரி இலையைப் பறித்துக் கொடுப்பவர்கள், அந்தச் செடிக்கு எதுவும் தெளிக்காமல் தண்ணீர் பீய்ச்சுவதோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

தறி இருக்கும் வீட்டில்...

* தறியும் பாவும் இருக்கும் அறையில் எதையும் தெளிக்காதீர்கள். எண்ணெய்த் துளி பட்டில் பட்டால் கறையாகிவிடும். தொட்டியை வெளியே கொண்டுபோய்த் தெளித்து, காய்ந்த பிறகே உள்ளே எடுங்கள்.
* தெளித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நூலைத் தொடுங்கள்.
* தெருவில் பாவு நீட்டியிருக்கும் நேரத்தில் மாடியில் தெளிக்க வேண்டாம். காற்றில் சாரல் இறங்கும்.
* பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மாவுப்பூச்சியைத் துடைப்பது ஒன்றிரண்டு செடிக்கு நல்ல வழி. ஆனால் சீக்கிரம் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு, நூல் பக்கத்தில் வேண்டாம்.
* துளசி, கறிவேப்பிலை, கீரைக்குத் தண்ணீரும் லேசான சோப்புமே போதும். சில நாள் விட்டு, நன்றாகக் கழுவிய பிறகே வாயில் போடுங்கள்.

எப்போது கைவிடுவது?

மூன்று வாரம் தெளித்தும் புது நுனிகள் முறுக்கிக்கொண்டே வந்தால், தொட்டியிலிருந்து செடியைக் கிளப்பி வேரைப் பாருங்கள். வேரிலும் வெள்ளை அப்பியிருந்தால் மேலே தெளிப்பதில் பலன் இல்லை. வேரைக் கழுவிப் புது மண்ணுக்கு மாற்றலாம். பாதிக்குமேல் காய்ந்திருந்தால் செடியை அப்புறப்படுத்துவதே மற்ற தொட்டிகளுக்கு நல்லது. புதிதாக வைக்கும்போது யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து கூடிய பிஞ்சு இலை, சாறுறிஞ்சும் பூச்சிகளுக்கு விருந்து.

சந்தேகம் இருந்தால் பாதித்த நுனியை மூடிய பையில் போட்டு உள்ளூர் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ, கீழ்நெல்லியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டலாம். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். போன் செய்யும் முன் இலையின் அடிப்புறத்தையும் நுனியையும் கிட்டத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிறம், எறும்பு இருக்கிறதா, வேரில் வெள்ளை உண்டா என்று அவர்கள் கேட்பதற்கு அப்போதுதான் பதில் சொல்ல முடியும்.