சாவி பெட்டிக்குள்ளே! பழைய குறிப்பு படுத்தும் பாடு

"டெபியன்" என்று ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம். இதற்குக் காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்.

1993-ம் ஆண்டு அமெரிக்காவில் இதைத் தொடங்கியவர் இயான் முர்டாக் என்ற கல்லூரி மாணவர். காதலி டெப்ராவின் பெயரோடு தன் பெயரைச் சேர்த்தார். "டெபியன்" பிறந்தது! இன்று பல நாட்டுத் தொண்டர்கள் இதை வளர்க்கிறார்கள். பதிப்புகளுக்கு "டாய் ஸ்டோரி" என்ற பொம்மைப் படத்துப் பாத்திரங்களின் பெயரை வைக்கிறார்கள்.

இதை ஏற்றுவது எப்படி என்று சொல்லும் குறிப்புகளையும் தொண்டர்கள்தான் எழுதுகிறார்கள். வம்பு அங்கேதான்!

வைபை வரவில்லை!

பல லேப்டாப்புகளில் வைபை வேலை செய்ய "பர்ம்வேர்" என்ற சிறு பைல் தேவை. அதைத் தருவது வைபை கருவி செய்யும் கம்பெனி. உள்ளே என்ன இருக்கிறது என்று கம்பெனி பெரும்பாலும் காட்டுவதில்லை. எல்லாம் திறந்து கிடக்கவேண்டும் என்பது டெபியன் கொள்கை. ஆகவே அந்த பைலைச் சேர்க்காமலே வைத்திருந்தார்கள்.

பைல் இல்லாமல் இன்டர்நெட் வராது. இன்டர்நெட் இல்லாமல் பைல் வராது. பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்!

"வேறு கம்ப்யூட்டரில் எடுத்து, பென் டிரைவில் கொண்டுவாருங்கள்" என்றன குறிப்புகள். வீட்டில் இருப்பதே ஒரு கம்ப்யூட்டர் என்றால்?

2022-ல் தொண்டர்கள் ஓட்டுப் போட்டார்கள். பைலைச் சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. 2023 ஜூன் 10-ந் தேதி வெளிவந்த 12-ம் பதிப்பில் சேர்த்தும் விட்டார்கள். பென் டிரைவ் அலைச்சல் பெரும்பாலோருக்குத் தீர்ந்தது.

ஆனால் பழைய குறிப்பு தானாக அழியுமா? அதைப் படித்தவர், இல்லாத பூட்டுக்குச் சாவி தேடி அலையவேண்டியதுதான்!

திருடனுக்குத் திறந்த கதவு

அலைச்சலாவது பரவாயில்லை. 2021-ல் வந்த 11-ம் பதிப்பில், பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் இடத்தின் பெயரையே மாற்றினார்கள். பழைய குறிப்பைப் பார்த்துப் பழைய பெயரை எழுதினால், திருத்தம் வராது. திருடன் நுழையும் ஓட்டை அடைபடாமலே கிடக்கும்.

திருத்துவது எப்படி? தொண்டர்கள் எழுதும் பொதுப் பக்கமானால், கணக்கு வைத்திருப்பவர் தாமே மாற்றலாம். கையேடானால், பிழை என்று புகார் அனுப்பவேண்டும். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நம்பர் உண்டு. யாரும் பார்க்கலாம்.

பழைய வரியை அடித்துவிட்டால் மட்டும் போதாது. பழைய பதிப்பு வைத்திருப்பவருக்கு அதுதானே சரி? "இந்தப் பதிப்பு வரை இப்படி, அதற்குப் பின் அப்படி" என்று எழுதவேண்டும். எழுதுமுன் தாமே ஒரு முறை ஏற்றிப் பார்ப்பது நல்லது. கேள்விப்பட்டதை எழுதினால் புதுப் பிழைதான் மிஞ்சும்!

2025 ஆகஸ்டில் 13-ம் பதிப்பு வந்தது. பழைய 32-பிட் கம்ப்யூட்டர்களில் அதைப் புதிதாக ஏற்ற முடியாது. "பழைய கம்ப்யூட்டரா? 32-பிட் பதிப்பை ஏற்றுங்கள்" என்று சொல்லும் குறிப்புகளை இனித் தேடிப் பிடிக்கவேண்டும்.