தமிழர் பெயர்முறையும் இறுதிப்பெயர் வழக்கும்

முன்னுரை

மேலைநாட்டு இதழியலும் ஆய்வெழுத்தும் அறியப்பட்ட ஒருவரை முதலில் முழுப்பெயராலும் பின்னர் இறுதிப்பெயராலும் சுட்டுகின்றன. அங்கு இறுதிப்பெயர் என்பது பெரும்பாலும் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப்பெயராகும். தமிழரிடையே பெரும்பான்மையோருக்கு அத்தகைய பெயர் இல்லை. இவ்வேறுபாட்டை உணராது அவ்விதியைத் தமிழ்ப்பெயர்களுக்குப் பொருத்துவதால் விளையும் குழப்பத்தை இக்கட்டுரை விளக்குகின்றது.

தலைப்பெழுத்தும் இயற்பெயரும்

தமிழ்ப்பெயரில் ஒருவருக்கே உரியது இயற்பெயர். தலைப்பெழுத்து அவரது பின்புலத்தைக் குறிப்பது. நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதனின் தலைப்பெழுத்துகள் சீர்காழி என்னும் ஊரையும் தந்தை இராமாமிர்தத்தையும் குறிப்பன. எம். எஸ். சுப்புலட்சுமியின் தலைப்பெழுத்துகளோ மதுரையையும் தாயார் சண்முகவடிவையும் குறிப்பன. எனவே தலைப்பெழுத்து தந்தையை மட்டுமே குறிக்கும் எனக் கொள்வதும் பொருந்தாது.

ஒரே விதி, இருவேறு விளைவு

1983ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரில் தந்தை பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் நிற்கின்றன. ஆகவே ‘சந்திரசேகர் வரம்பு’ அவரது இயற்பெயரையே தாங்கியுள்ளது. 2009இல் வேதியியலுக்கான பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனின் பெயரில் இவ்வரிசை தலைகீழானது. ‘இராமகிருஷ்ணன்’ என்பது தந்தை பெயர். அவர் தந்தை சி. வி. இராமகிருஷ்ணனும் உயிர்வேதியியலாளரே. எனவே அப்பெயரை மட்டும் கூறின் அது தந்தையையோ மகனையோ குறிக்கலாம்.

சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் நிலை இதற்கு மறுதலையானது. முதலில் நிற்பதே இயற்பெயர் என்னும் கருத்தால் எழுந்த ‘விஷி’ என்னும் செல்லப்பெயர், உண்மையில் அவருடைய தந்தை பெயரின் குறுக்கமாகும்.

ஆய்வுலகில் இதன் விளைவு

கடவுச்சீட்டு முதலிய படிவங்களில் குடும்பப்பெயருக்குரிய இடத்தைத் தந்தை பெயரால் நிரப்புவோர் பலர். அதே வடிவம் ஒரு கட்டுரையிலும், தலைப்பெழுத்துடன் கூடிய வடிவம் மற்றொன்றிலும் இடம்பெறின், தரவுத்தளங்களில் ஓர் ஆய்வாளர் இருவராகத் தோன்றுவார். திருமணத்திற்குப்பின் தந்தை பெயரை நீக்கிக் கணவர் பெயரைச் சேர்க்கும் பெண் ஆய்வாளர்களின் முன்னைய கட்டுரைகள் அவர் பெயரோடு இணையாமற் போகலாம்.

முடிவுரை

தமிழ் ஆய்வேடுகளில் இயற்பெயரையே சுட்டுபெயராகவும் அகரவரிசைக்குரிய பெயராகவும் கொள்வது தகும். உலக அளவில் நிலைபெற்ற வடிவங்களை மாற்ற வேண்டியதில்லை. அவற்றில் இயற்பெயர் எதுவென ஒருமுறை சுட்டினால் போதும். இளம் ஆய்வாளர்கள் முதற்கட்டுரையிலேயே ஒரு பெயர்வடிவத்தை உறுதிசெய்து, அதனையே இறுதிவரை பின்பற்றுதல் நலம்.