முட்டைக்குள் உயிர் இருக்கா? 7-வது நாளே காட்டிக் கொடுக்கும் டார்ச் லைட்!

கோவளம்:

பன்னிரண்டு முட்டையை அடை வைத்து 21 நாள் காத்திருந்தால், கடைசியில் கூடையில் கத்துவது நாலே குஞ்சு. மீதி எட்டும் கூமுட்டை. கோவளம், முட்டுக்காடு, திருவிடந்தை, கேளம்பாக்கம் பக்கம் வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கு இந்த நஷ்டம் ஒன்றும் புதுசு அல்ல.

அலை எழும்பி படகு இறங்காத நாளில் வீட்டுச் செலவுக்குக் கை கொடுப்பது கோழிதான். ஒரு அடை வீணானால் முட்டை விற்கும் காசும் போச்சு, குஞ்சும் போச்சு, கோழியின் மூன்று வாரமும் போச்சு.

ஆனால் எதில் உயிர் இருக்கு, எதில் இல்லை என்று பார்க்க 21 நாள் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு டார்ச் லைட்டும் இருட்டு அறையும் போதும்.

எப்படிப் பார்ப்பது?

அட்டையில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஓட்டை போட்டு, அதை டார்ச் லைட்டின் முன்னால் வைக்க வேண்டும். முட்டையின் அகலமான பக்கத்தை ஓட்டையில் ஒட்டிப் பிடித்தால் உள்ளே இருப்பது தெரியும். செல்போன் டார்ச்சும் உதவும். ஓடு பழுப்பாக இருந்தால் வெளிச்சம் பலமாக வேண்டும்.

முட்டை ஆறிப் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். அடைக்கோழியே தினமும் தீனிக்கும் தண்ணீருக்கும் கொஞ்ச நேரம் எழுந்து போகும். அந்த நேரத்தில் சட்டென்று பார்த்து, திரும்ப வைத்து விடலாம்.

7-வது நாள்: முதல் சோதனை

அடை வைத்த நாளை விட்டுவிட்டு மறுநாளில் இருந்து எண்ண வேண்டும். ஏழாவது நாள், சிலந்தி வலை விரித்த மாதிரி சிவப்பு நரம்புகளும், நடுவில் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தால் அது நல்ல முட்டை. கூர்ந்து பார்த்தால் புள்ளி அசைவதும் தெரியும்.

நரம்பே இல்லாமல் பளிச்சென்று இருந்தால் கரு கூடாத முட்டை. அதாவது சேவல் சேரவில்லை. உள்ளே ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால், கரு உருவாகி சில நாளிலேயே செத்து விட்டது என்று அர்த்தம். இரண்டையும் எடுத்து விட வேண்டும். ஒரு வாரம் சூட்டில் இருந்த முட்டையை விற்கவோ சமைக்கவோ கூடாது.

14-வது நாள்: இரண்டாவது சோதனை

இப்போது முட்டையில் பெரும் பகுதி கருப்பாக இருக்கும். அகலமான பக்கத்தில் காற்று இருக்கும் இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். நரம்பு மறைந்து, உள்ளே கலங்கல் தண்ணீர் மாதிரி ஆடினால் கெட்டு விட்டது. நாற்றம் அடித்தாலோ ஓட்டில் ஈரம் கசிந்தாலோ உடனே அப்புறப்படுத்துங்கள். உள்ளே வாயு சேர்ந்து வெடித்தால், பக்கத்தில் உள்ள நல்ல முட்டைகளும் பாழாகும்.

18-க்குப் பிறகு கை வைக்காதீங்க

18-வது நாள் கடைசி சோதனை. காற்றுப் பகுதி தவிர மற்றதெல்லாம் கருப்பாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டக் கூடாது. குஞ்சு வெளியே வர வசமாகத் திரும்பும் நேரம் அது. 20-வது நாள் வாக்கில் காற்றுப் பகுதிக்குள் அலகை நீட்டி மூச்சு விடும். 21-வது நாள் ஓட்டை உடைக்கும். ஓட்டில் கீறல் விழுந்து பல மணி நேரம் ஆகியும் வரவில்லையே என்று ஓட்டை உரித்து விட்டால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்து விடும்.

மெஷினில் வைப்பவர்கள் கவனத்துக்கு

காற்றாடி உள்ள மெஷினில் 37.5 டிகிரி செல்சியஸ் சூடு இருக்க வேண்டும். தாய்க்கோழி அலகாலும் காலாலும் முட்டையை அடிக்கடி புரட்டும். மெஷினில் அந்த வேலை நம்முடையது. தினம் குறைந்தது மூன்று முறை புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக் கொள்ளும்.

கடற்கரைக் காற்றிலேயே ஈரம் அதிகம். எனவே முதல் 18 நாள் தண்ணீர்த் தட்டை நிரப்பித் தள்ளக் கூடாது. ஈரம் கூடினால் காற்றுப் பகுதி சிறுத்து, குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். கடைசி மூன்று நாள் மட்டும் ஈரத்தைக் கூட்ட வேண்டும்.

கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் மேலே போர்வை போடலாம். ஆனால் 2016 டிசம்பர் வர்தா புயல் மாதிரி நாள் கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால் மெஷின் கதை கந்தல்தான். தாய்க்கோழிக்கு அந்தக் கவலை இல்லை.

முதலைக்கு ஒரு விதி, கோழிக்கு ஒரு விதி

கோவளத்தைத் தாண்டினால் வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. முதலை முட்டையை இட்ட நிலையிலிருந்து புரட்டினால் கரு செத்து விடும். கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்கும் அதே விதிதான். அவற்றில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் சூடுதான் முடிவு செய்யும்.

கோழிக்கு அப்படி இல்லை. கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பது வெறும் நம்பிக்கை. டார்ச் அடித்தாலும் அது தெரியாது.

இடி மேல் பழி!

இடி இடித்தால் கூமுட்டையாகும் என்று அடைக்கூடையில் இரும்பும் கரியும் போடுவது பழைய வழக்கம். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. சேவல் இல்லாதது, ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைத்த முட்டை, கத்திரி வெயில் சூடு இவைதான். வெயில் காலத்தில் முட்டையை ஈர மணல் பானை மேல், கூரான முனை கீழே இருக்கும்படி வைத்து, சீக்கிரம் அடை வைக்க வேண்டும். கடையில் விற்கும் நாமக்கல் வெள்ளை முட்டையை வைத்தால் ஒன்றுகூட பொரிக்காது. அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது.

சந்தேகம் இருப்பவர்கள் அருகில் உள்ள கால்நடை மருந்தகத்திலோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம்.

அடுத்த அடையில் ஏழாவது நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் வெறும் முட்டையாக இருந்தால் கோழியைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் சேவலைப் பாருங்கள்!