ஆசிரியர் இல்லாத வகுப்பு

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் அப்பள்ளியிடம் எதிர்பார்ப்பது மிகச் சிறியதொன்றே. கட்டடம் பழையதாக இருக்கலாம். கரும்பலகை வெளிறிப் போயிருக்கலாம். ஆனால் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் இருந்து பாடம் சொல்லித் தர வேண்டும். இந்த எளிய எதிர்பார்ப்பே நாட்டின் பல பகுதிகளில் நிறைவேறாமல் இருப்பதைக் காண்கிறோம். காலையில் புத்தகப் பையுடன் சென்ற குழந்தை, 'இன்றும் ஆசிரியர் வரவில்லை' என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறது. ஒரு நாள் என்றால் பெற்றோர் பொறுத்துக்கொள்வர். அது வாரந்தோறும் நிகழும்போது மனம் கசந்துபோகின்றனர். அவர்களுடைய குறை எத்தகையது, அதன் வேர் எங்கே உள்ளது, அதற்குப் பரிகாரம் யாது என்பவற்றைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலில் இழப்பின் அளவை அறிந்துகொள்வது நலம். 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டொன்றுக்கு 200 வேலை நாட்களும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 வேலை நாட்களும் இருத்தல் வேண்டும். நான்கு நாட்களில் ஒரு நாள் ஆசிரியர் வரவில்லை என்று கொண்டால், தொடக்கப் பள்ளியில் ஆண்டுக்கு 50 நாட்கள் போய்விடுகின்றன. ஐந்தாண்டுகளில் 250 நாட்கள். அதாவது முழுமையான ஓர் ஆண்டுப் படிப்பையும் விடக் கூடுதலான இழப்பு. அக்குழந்தை ஐந்தாம் வகுப்பை முடித்ததாகப் பதிவேடு கூறும். உண்மையிலோ அது நான்கு வகுப்புகளையும் முழுதாகப் படித்ததாகாது.

நான்கில் ஒரு நாள் என்பது நாம் கற்பனையாகச் சொன்ன கணக்கன்று. 2003 ஆம் ஆண்டில், பொருளியல் அறிஞர் சிலர் இந்தியாவின் 20 மாநிலங்களில் சுமார் 3,700 பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றி மும்மூன்று முறை சென்று பார்த்தனர். அரசுத் தொடக்கப் பள்ளிகளில், எக்காரணத்தாலோ பள்ளியில் இல்லாத ஆசிரியர்கள் நூற்றுக்கு 25 பேர். பள்ளியில் இருந்தவர்களிலும் எல்லாரும் பாடம் நடத்திக்கொண்டிருக்கவில்லை; அந்நேரத்தில் கற்பித்தலில் ஈடுபட்டிருந்தவர் மொத்தத்தில் ஏறத்தாழப் பாதிப் பேரே. மகாராட்டிரத்தில் இல்லாதவர் நூற்றுக்கு 15 ஆக இருக்க, ஜார்க்கண்டில் அது 42 ஆக இருந்தது. 2010 ஆம் ஆண்டில் 1,297 கிராமங்களில் மறுபடியும் பார்த்தபோது, வராதோர் தொகை நூற்றுக்கு 23.6 ஆக இருந்தது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் கட்டடங்களும் கழிவறைகளும் பெருகின, ஊதியமும் உயர்ந்தது. வருகையோ சிறிதளவே முன்னேறியது.

இவ்வெண்களைக் கண்டவுடன் ஆசிரியர் அனைவரையும் கடமை தவறியவர் என்று தீர்ப்புக் கூறிவிடுதல் எளிது. ஆனால் அது நியாயமாகாது. பெற்றோரின் கண்ணுக்குத் தெரிவது வெறும் நாற்காலி ஒன்றே. அந்நாற்காலி வெறுமையாவதற்குக் காரணங்கள் நான்கு உண்டு. நான்கும் வெவ்வேறானவை, மருந்தும் வெவ்வேறே.

முதலாவது, காரணமின்றி வாராமை. விண்ணப்பமும் இல்லை, அனுமதியும் இல்லை. இரண்டாவது, முறையான விடுப்பு. நோய், மகப்பேறு, குடும்பத் துயரம் ஆகியவை ஆசிரியருக்கும் உண்டு. இந்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களில் இப்போது பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். அவர்களுக்குச் சட்டம் அளித்துள்ள மகப்பேற்று விடுப்பைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. மூன்றாவது, அரசாங்கமே வேறு வேலைக்கு அனுப்புதல். நான்காவது, நாற்காலி இருந்தும் அதற்குரிய பணியிடமே நிரப்பப்படாமல் இருத்தல்.

இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு? அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 2017 இல் ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளைப் பார்த்து வெளியிட்ட அறிக்கை இதற்கு ஒருவாறு விடை தருகிறது. பள்ளியில் இல்லாத ஆசிரியர் நூற்றுக்கு 18 அல்லது 19 பேர். மொத்த ஆசிரியர்களில் தக்க காரணமின்றி வாராதவர் நூற்றுக்கு இரண்டரைப் பேரே. பள்ளியில் இல்லாத ஏனையோர் விடுப்பிலோ, பயிற்சி முதலிய அலுவல் பணிகளிலோ இருந்தனர். முன்னர்ச் சொன்ன ஆய்வும் இதுவும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடங்களில் நடைபெற்றவை. ஆகையால் ஒன்றை வைத்து மற்றொன்றைப் பொய்யென்று கூற இயலாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும்: ஆசிரியர் வராமைக்குக் காரணம் எதுவாயினும், அந்த நாளில் அவ்விடத்தில் வேறொருவர் நிற்பதற்கு ஏற்பாடு இல்லை. குழந்தையைப் பொறுத்தமட்டில் நான்கு காரணங்களும் ஒன்றே.

பதில் ஆசிரியர் பற்றாக்குறையே இங்கு நடுப்பொருளாகிறது. இரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் வண்டி நின்றுவிடுவதில்லை. விடுப்பில் செல்வோருக்கு ஈடாக அனுப்புவதற்கென்றே ஒரு பகுதி ஊழியரைக் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். எவரேனும் சிலர் எந்நாளும் விடுப்பில் இருப்பர் என்பது முன்கூட்டியே கணக்கிடப்பட்ட செய்தி. பள்ளிக்கூடத்திலோ, பெரும்பாலும் ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு நாளும் வருவார் என்று கொண்டே பணியிடங்கள் வகுக்கப்படுகின்றன. ஒருவர் விடுப்பெடுத்த அன்றே ஏற்பாடு குலைந்துபோகிறது.

இரண்டு ஆசிரியர் உள்ள தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். சட்டப்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியரே. ஒருவர் வராவிடில், மற்றவர் ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையிலோ தாழ்வாரத்திலோ உட்கார வைக்கிறார். பெரியவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு, சிறியவர்களை அடக்கி வைப்பதிலேயே அவர் பொழுது கழிகிறது. உயர்நிலைப் பள்ளியில் துன்பம் வேறு வகையானது. கணக்கு ஆசிரியர் வராத வேளையில் வரலாற்று ஆசிரியர் வந்து அமர்கிறார். வகுப்பு அமைதியாக இருக்கிறது. ஆனால் கணக்குப் பாடம் நடைபெறவில்லை. ஓராசிரியர் பள்ளியிலோ ஆசிரியரின் விடுப்பு பள்ளியின் விடுமுறையாகவே ஆகிவிடுகிறது. 2024-25 ஆம் ஆண்டுக்கான மத்தியக் கல்வித் துறையின் புள்ளிவிவரப்படி, நாட்டில் ஓராசிரியர் பள்ளிகள் 1,04,125. அவற்றில் பயிலும் மாணாக்கர் 33 லட்சத்திற்கும் மேற்பட்டோர். தொடக்கப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு ஆசிரியர் வேண்டுமென்று 1986 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே கூறியிருந்தது என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

அரசாங்கப் பணிகளைப் பற்றியும் ஒரு சொல். கல்வி உரிமைச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு, கல்வி சாராத வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பலாகாது என்று கூறுகிறது; ஆனால் பத்தாண்டுக்கொருமுறை நிகழும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகிய மூன்றுக்கும் விலக்கு அளிக்கிறது. 2011 ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் சுமார் 27 லட்சம் பேர் ஈடுபட்டனர். அவர்களில் ஏராளமானோர் ஆசிரியர்கள். தேர்தல் தொடர்பான வேலைகளை விடுமுறை நாட்களிலும் பாடம் இல்லாத வேளைகளிலுமே ஆசிரியருக்குத் தர வேண்டும் என்று 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. எனினும் வாக்காளர் பட்டியல் திருத்தும் காலங்களில் வகுப்பறைகள் வெறுமையாவதைப் பல மாநிலங்களில் காண்கிறோம். இப்பணிகள் நாட்டிற்கு இன்றியமையாதவை. ஆயினும் அவற்றின் விலையைக் குழந்தையின் பாட நாட்களிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதை மறத்தலாகாது.

இனி, பரிகாரம் தேடியவர்களின் அனுபவத்தைப் பார்ப்போம். இராஜஸ்தானத்தில் 1987 ஆம் ஆண்டில் 'சிக்ஷா கர்மி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. வெளியூர் ஆசிரியர் தங்க மறுத்த தொலைதூரக் கிராமங்களில், அவ்வூர் இளைஞர் இருவரையே தேர்ந்து, பயிற்சியளித்து, பள்ளியை நடத்தச் செய்தார்கள். அவர்களின் படிப்பு குறைவே. ஆனால் அவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். பூட்டிக் கிடந்த பள்ளிகள் திறந்தன.

அதே மாநிலத்தில் உதயப்பூர் மாவட்டத்தில் 'சேவா மந்திர்' என்னும் தொண்டு நிறுவனம் 2003 இல் வேறொரு சோதனை செய்தது. தான் நடத்தும் முறைசாராப் பள்ளிகளில் சிலவற்றின் ஆசிரியருக்கு, நாளும் நேரமும் பதியும் நிழற்படக் கருவியைக் கொடுத்தது. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் மாணவரோடு ஆசிரியரைப் படம் எடுக்க வேண்டும். வந்த நாட்களைக் கணக்கிட்டே ஊதியம். வாராமை நூற்றுக்கு 42 இலிருந்து 21 ஆகக் குறைந்தது. குழந்தைகளின் தேர்ச்சியும் உயர்ந்தது. ஆனால் அதே மாவட்டத்தில் அரசுச் செவிலியரின் வருகையைப் பதியும் முயற்சி சில மாதங்களே பயன் தந்தது. மேலதிகாரிகள் 'விலக்கு நாட்கள்' என்று தாராளமாக அனுமதி வழங்கியதும், ஏற்பாடு பயனற்றுப் போயிற்று. கருவி வருகையைப் பதியும். பதிந்ததை மதிப்பவர் மனிதரே.

2024 ஜூலையில் உத்தரப் பிரதேச அரசு கைப்பேசி வழி வருகைப் பதிவைக் கொண்டுவந்தபோது, ஆசிரியர்கள் பெரிதும் எதிர்த்தனர். அரை நாள் விடுப்பு வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. சில நாட்களுக்குள் அத்திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆசிரியரின் உண்மையான இடர்களுக்குச் செவிசாயாத கண்காணிப்பு நீடிப்பதில்லை. அதே வேளையில், கண்காணிப்பே இல்லாத இடத்தில் நல்லாசிரியரின் ஊக்கமும் குன்றிப்போகிறது. நாம் முதலிற் சொன்ன 2003 ஆம் ஆண்டு ஆய்வில், சுமார் 3,000 அரசுப் பள்ளிகளுள் ஒன்றே ஒன்றில்தான், தொடர்ந்து வராத ஆசிரியர் பணிநீக்கம் செய்யப்பட்டதாகத் தலைமையாசிரியர் கூறினார். அண்மையில் மேற்பார்வையாளர் வந்துபோன பள்ளிகளிலும், நல்ல சாலை அருகில் உள்ள பள்ளிகளிலும் வருகை மிகுந்திருந்தது. ஊதியம் மிகுந்தவரிடம் அவ்வாறு மிகுந்திருக்கவில்லை.

பதில் ஆசிரியரைப் பொறுத்தவரை, தில்லி, ஹரியானா, மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் 'விருந்து ஆசிரியர்' எனப்படும் தற்காலிக ஆசிரியரை அமர்த்தியுள்ளன. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நிரப்பப்படாத நிரந்தர இடங்களிலேயே ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். ஆகவே, ஒருவர் திடீரென விடுப்பெடுத்தால் அனுப்புவதற்கு மீண்டும் ஆளில்லை. மொத்தப் பணியிடங்களில் காலியிடம் நூற்றுக்கு 10 க்கு மேற்படலாகாது என்று சட்டத்தின் 26 ஆம் பிரிவு கூறுகிறது. அதனை நிறைவேற்றி, அதற்கு மேல் வட்டாரந்தோறும் விடுப்புக்கால ஆசிரியர் சிலரை நிலையாக வைத்திருப்பதே நேரிய வழி. ஓராசிரியர் பள்ளிகளுக்கு அவர்களின் உதவி முதலில் செல்ல வேண்டும்.

இறுதியாகப் பெற்றோருக்குச் சில சொற்கள். சினம் மேலிட்டுப் பள்ளிக்குப் பூட்டுப் போடுவதால் இழப்பது நம் குழந்தையின் மற்றொரு நாள். வசதியுள்ளோர் கட்டணம் செலுத்திப் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுகின்றனர். எஞ்சுவோர் கூலி வேலை செய்வோர். அரை நாள் வேலையை விட்டுவிட்டு முறையிடச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். ஆதலின் குறை கூறும் குரல் தேய்ந்துகொண்டே போகிறது. இதற்கு மாற்று ஒன்றே: ஒருவர் செல்வதற்குப் பதில் எல்லாரும் சேர்ந்து பேசுதல்.

அதற்குச் சட்டமே இடமளித்துள்ளது. அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். ஆனால் சட்டத்தில் இருப்பது ஊரில் தெரிந்திருக்க வேண்டுமே! இச்சட்டம் வருவதற்கு முன், உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் இருந்த கிராமக் கல்விக் குழுக்களைப் பற்றி ஆராய்ந்தபோது, அப்படியொரு குழு இருப்பதே பெற்றோரில் மிகப் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆகவே, குழுவில் இருப்பவர் யார் என்று கேட்டறிவது முதற்படி.

அடுத்து, ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். எந்தத் தேதியில் எந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, அவர் விடுப்பிலா, அரசுப் பணியிலா, அல்லது இடமே காலியா என்று தலைமையாசிரியரைக் கேட்டு எழுத வேண்டும். இடம் காலியெனில் தலைமையாசிரியரைக் கடிந்து பயனில்லை; நியமிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. வட்டாரக் கல்வி அதிகாரிக்கு எழுத்து மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். 2005 ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை என்று கேட்டால், 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். காரணமின்றி வராதவர் எனில், 24 ஆம் பிரிவின்படி நடவடிக்கை கோரலாம். நான்கு காரணங்களையும் பிரித்தறிந்து கேட்கும் பெற்றோரின் முறையீட்டைத் தட்டிக் கழிப்பது எந்த அதிகாரிக்கும் எளிதன்று.

தினமும் தவறாது வரும் ஆசிரியர் நம் நாட்டில் இலட்சக்கணக்கில் உள்ளனர். தோழர் வராத நாளில் அவர் சுமையையும் தாமே தாங்குபவர் அவர்களே. ஆகையால் பெற்றோரின் குறையும் நல்லாசிரியரின் குறையும் ஒன்றே என்று உணர்ந்து, இரு சாராரும் ஒரே பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். பருவத்தே விதைக்காத வயலைப் பின்னர் உழுது பயனில்லை. குழந்தைப் பருவமும் அத்தகையதே.