வக்கீல் நீதிபதி ஆவது எப்படி?

பெங்களூரில் இருந்து ரெயிலில் ஊருக்குப் போகிற நம்மவர்களுக்கு ஜோலார்பேட்டையைத் தெரியாமல் இருக்காது. வண்டி நின்றதும் டீ வாங்க இறங்குவோம், தண்ணீர் பிடிப்போம், மறுபடி ஏறிக்கொள்வோம். அந்த ஊரில் பிறந்த ஒருவர் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியாக இருந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் ஏ.வரதராஜன். வக்கீலாகத் தொழில் தொடங்கி, முன்சீப் வேலையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1973-ல் சென்னை ஐகோர்ட்டு நீதிபதி ஆனார். 1980 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். தாழ்த்தப்பட்ட சமூகத்தில் இருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர் அவர்தான்.

ஜோலார்பேட்டையை அடுத்தது திருப்பத்தூர். அங்குள்ள கோர்ட்டில் வக்கீல் தொழில் செய்தவர்களில் ஒருவர் ஆர்.பானுமதி. இரண்டு வயதில் தந்தையை பஸ் விபத்தில் பறிகொடுத்தவர். தாயார் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். கோர்ட்டு சாதகமாகத் தீர்ப்புச் சொல்லியும், நடைமுறைச் சிக்கலால் அந்தப் பணம் அவர்கள் கைக்கு வரவில்லை. இதை 2020-ல் ஓய்வு பெற்றபோது அவரே சொன்னார். அப்போது அவர் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி!

இருவரும் வக்கீல்கள்தான். ஆனால் நுழைந்த வாசல் வேறு வேறு. வரதராஜன் முன்சீப் வாசல் வழியாக வந்தார். பானுமதி 1988-ல் நேரடியாக மாவட்ட நீதிபதியாகத் தேர்வு பெற்றார். இவை தவிர இன்னும் இரண்டு வாசல்கள் உண்டு. அவற்றுக்குப் பரீட்சை கிடையாது, விண்ணப்பமும் கிடையாது.

பொள்ளாச்சிக்காரர்

மிக அபூர்வமான வாசலை முதலில் சொல்லிவிடலாம். வக்கீலாக இருப்பவரை அப்படியே சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஆக்குவது. ஐகோர்ட்டில் 10 ஆண்டு வக்கீலாக இருந்தால் போதும் என்கிறது அரசியல் சட்டம். ஆனால் 1964-ல் எஸ்.எம்.சிக்ரி இப்படி வந்ததில் இருந்து கணக்கெடுத்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். 2018-ல் வந்த இந்து மல்கோத்ராதான் இந்த வழியில் வந்த முதல் பெண். 2023 மே மாதம் பதவி ஏற்ற கே.வி.விஸ்வநாதன் பொள்ளாச்சிக்காரர். கோவை சட்டக் கல்லூரியில் படித்தவர்.

ரகசியமான வாசல்

அடுத்தது ஐகோர்ட்டு. சென்னை ஐகோர்ட்டுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 75. இங்கே நாம் கப்பன் பூங்கா பக்கம் போகும்போது பார்க்கிற சிவப்புக் கட்டிடத்து ஐகோர்ட்டுக்கு 62. இவற்றில் ஒரு பகுதிக்கு மாவட்ட நீதிபதிகள் பதவி உயர்வில் வருகிறார்கள். மற்ற இடங்கள் வக்கீல்களுக்கு.

'எனக்கு நீதிபதி வேலை வேண்டும்' என்று எந்த வக்கீலும் மனுப் போட முடியாது. ஐகோர்ட்டு தலைமை நீதிபதியும், அவருக்கு அடுத்த மூத்த நீதிபதிகள் இருவரும் கூடிப் பேசுவார்கள். தினமும் தங்கள் முன்னால் வாதாடுகிறவர்களில் யார் சட்டம் தெரிந்தவர், யார் நேர்மையானவர் என்று அவர்களுக்குத் தெரியும் என்பது இதன் அடிப்படை. வயது 45-க்குக் குறையாமல் பார்ப்பது வழக்கம். வக்கீலின் கடந்த 5 ஆண்டு வருமானத்தையும் கேட்கிறார்கள். ஏழைக் கட்சிக்காரருக்காக வாதாடுகிற வக்கீலுக்கு வருமானம் எங்கே இருக்கும் என்று நமக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான்.

பட்டியல் முதல்-மந்திரிக்குப் போகும். கவர்னருக்கும், மத்திய சட்ட மந்திரிக்கும், சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதிக்கும் நகல் போகும். மாநில அரசு 6 வாரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். பிறகு மத்திய உளவுத்துறை அந்த வக்கீலைப் பற்றி விசாரித்து அறிக்கை கொடுக்கும்.

இவ்வளவும் சேர்ந்து, சுப்ரீம் கோர்ட்டு தலைமை நீதிபதியும் இரண்டு மூத்த நீதிபதிகளும் அடங்கிய குழுவின் முன் வரும். இதைத்தான் 'கொலீஜியம்' என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். அரசியல் சட்டத்தில் இந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. நியமிக்கும் முன் நீதிபதிகளைக் கலந்து ஆலோசிக்க வேண்டும் என்றுதான் சட்டத்தில் இருந்தது. 1981-ல் கடைசி வார்த்தை அரசாங்கத்துடையது என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 1993-ல் அதை மாற்றி, நீதிபதிகள் சொல்வதே முடிவு என்றது. 2014-ல் பார்லிமெண்டு இதற்கென ஒரு ஆணையத்தை ஏற்படுத்திச் சட்டம் செய்தது. 2015 அக்டோபர் 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. ஐந்து நீதிபதிகளில் செலமேஸ்வர் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

குழு ஒப்புக்கொண்ட பெயர் சட்ட மந்திரி, பிரதமர் வழியாக ஜனாதிபதிக்குப் போகிறது. வயதுச் சான்றிதழும் உடல்தகுதிச் சான்றிதழும் வாங்குகிறார்கள். நம் ரெயில்வேயில் கலாசி வேலைக்கும் அதே கதைதான்! வக்கீல்களில் இருந்து வருகிறவர்களைப் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டு கூடுதல் நீதிபதியாக வைத்துப் பார்த்த பிறகே நிரந்தரம் ஆக்குகிறார்கள். 62 வயதில் ஓய்வு.

அரசாங்கம் ஒரு பெயரைத் திருப்பி அனுப்பலாம். குழு மறுபடியும் அதே பெயரைச் சொன்னால் நியமித்தே ஆகவேண்டும். 3, 4 வாரத்தில் நியமிக்க வேண்டும் என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆனால் காகிதம் மேஜையிலேயே இருந்துவிட்டால்?

சென்னை வக்கீல் ஜான் சத்யன் பெயர் 2022-ல் பரிந்துரைக்கப்பட்டது. பிரதமரை விமர்சிக்கும் கட்டுரை ஒன்றை அவர் இணையத்தில் பகிர்ந்ததாக உளவுத்துறை எழுதியது. அது தகுதிக் குறைவு ஆகாது என்று கூறி, 2023 ஜனவரி 17-ந் தேதி குழு அவர் பெயரையே மீண்டும் அனுப்பியது. அதே நாள் பரிந்துரைக்கப்பட்ட விக்டோரியா கவுரி அடுத்த மாதமே பதவி ஏற்றுவிட்டார். அவருடைய பழைய அரசியல் பேச்சுகளைச் சுட்டிக்காட்டிப் போடப்பட்ட வழக்கை சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில், ஜான் சத்யனின் சீனியாரிட்டி பறிபோவதாகக் குழுவே கவலை தெரிவிக்க நேர்ந்தது. இரண்டு பேருக்கும் ஒரே தராசு வைத்தார்களா என்ற கேள்வி வக்கீல்கள் மத்தியில் எழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

நம் பிள்ளைகளுக்கு

நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு எட்டுகிற வாசல்கள் பரீட்சை எழுதுகிற இரண்டும்தான்.

மாவட்ட நீதிபதி பதவிகளில் நான்கில் ஒரு பங்கு நேரடி நியமனத்துக்கு. 7 ஆண்டு வக்கீலாக இருந்திருக்க வேண்டும். இது வக்கீல்களுக்கு மட்டுமே என்று 2020-ல் கூறிய சுப்ரீம் கோர்ட்டு, 2025 அக்டோபரில் அதை மாற்றியது. கீழ்க்கோர்ட்டு நீதிபதிகளும், வக்கீலாக இருந்த காலத்தையும் சேர்த்து 7 ஆண்டு ஆகியிருந்தால், போட்டியிடலாம். குறைந்தது 35 வயது.

கவனிக்க வேண்டிய ஒரு விஷயம்: சம்பளத்துக்கு முழுநேர வேலை பார்க்கிறவர் வக்கீல் தொழில் செய்யக்கூடாது. எனவே ஆபீசில் இருந்துகொண்டே சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவருக்கு, வேலையை விட்டுவிட்டு வக்கீலாகப் பதிவு செய்த பிறகுதான் கணக்கே தொடங்கும்.

அடித்தளத்தில் இருப்பது பழைய முன்சீப் வேலை. இப்போது சிவில் நீதிபதி என்கிறார்கள். 1993-ல் இதற்கு 3 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்றார்கள். 2002-ல் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. 2025 மே 20-ந் தேதி தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு அதை மீண்டும் கொண்டுவந்தது. கோர்ட்டு நடைமுறை தெரியாத இளம் பிள்ளைகள் நீதிபதி நாற்காலியில் உட்காருவதால் சிக்கல் வருகிறது என்பது காரணம்.

காரணம் சரியாக இருக்கலாம். ஆனால் 2024-ல் ஜவ்வாது மலையைச் சேர்ந்த 23 வயது பழங்குடிப் பெண் ஒருவர் சிவில் நீதிபதியாகத் தேர்வு பெற்றதை நாம் எல்லோரும் படித்தோம். பிரசவமான இரண்டாம் நாளே சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதியவர் அவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 3 ஆண்டு ஜூனியராக இருந்தால் பஸ் செலவுக்கு யார் கொடுப்பார்கள்? சீனியர் வக்கீல் கொடுப்பது பல ஊர்களில் மதியச் சாப்பாட்டுக்கே பற்றாது. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கவலை இல்லை.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கர்நாடகத்தில் கன்னடத்தில் இருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்தில் இருந்து கன்னடத்துக்கும் மொழிபெயர்க்கும் தாள் இருக்கிறது. தமிழ்நாட்டில் அதுவே தமிழுக்கு. சாட்சி சொல்வதை நீதிபதி எழுத வேண்டும் அல்லவா? நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிப்பார்கள், பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவார்கள். சட்டத் தாள்களில் நல்ல மார்க்கு வாங்கியும் இந்த ஒரு தாளில் கோட்டை விட நேரும். சட்டக் கல்லூரியில் சேர்ந்த அன்றே எந்த மாநிலத்துக்கு எழுதப்போகிறோம் என்று தீர்மானித்து, அந்த மொழியில் தினம் ஒரு பக்கமாவது எழுதிப் பழகவேண்டும்.

கர்நாடகத்தில் இந்தத் தேர்வை ஐகோர்ட்டே நேரடியாக நடத்துகிறது. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி தேர்வை நடத்துவது அரசுப் பணியாளர் தேர்வாணையம்.